முப்பத்தொன்பது பேரைத் தொலைத்த வாரம்

1. பொட்டு வைத்த டிஸ்க்

வெப் ஹோஸ்டிங் தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் தள்ளிவிட்டேன். இப்போது புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் வாயைத் திறந்தால் கிளவுட் என்கிறார்கள், ஏதோ மேலே மிதக்கிற சமாச்சாரம் மாதிரி. எங்கள் காலத்தில் சர்வர் என்பது ஒரு பெட்டி. எங்கேயோ ஒரு கட்டடத்தில், ஒரு ரேக்கில், கரண்டும் ஏசியும் இருக்கிறவரை ஓடும். கரண்ட் போனால் நின்றுவிடும். இன்றைக்கும் அதேதான் நடக்கிறது, பெயர்தான் மாறியிருக்கிறது.

நான் வேலை கற்றது கும்பகோணத்தில், ஜமால் பாயிடம். வளைகுடாவில் பதினான்கு வருடம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். கையில் இருந்ததைப் போட்டு ஒரு ஜவுளிக்கடை வைப்பார் என்று சொந்தக்காரர்கள் காத்திருக்க, மனிதர் ஹோஸ்டிங் கம்பெனி ஆரம்பித்தார். பித்தளைப் பாத்திரக் கடைக்கு மேலே மாடியில் ஆஃபீஸ். கீழே தட்டுகிற சத்தம் போனில் நன்றாகக் கேட்கும். "என்ன மேடம், சர்வர ரிப்பேர் பண்றீங்களா?" என்று வாடிக்கையாளர்கள் கிண்டல் செய்வார்கள்.

சர்வர் உண்மையில் அமெரிக்காவில் ஒரு டேட்டா சென்டரில் இருந்தது. அதை வாடகைக்கு எடுத்து, பிரித்துப் பிரித்து, இங்கே வெப்சைட் வேண்டும் என்றவர்களுக்குக் கொடுப்போம். பட்டுக்கடை, காபித்தூள் கடை, அரிசி மில், நவக்கிரக டூர் நடத்துகிற டிராவல்ஸ், நர்சரிப் பள்ளி என்று ஏறக்குறைய இருநூறு சைட். பார்த்துக்கொள்ள மூன்றே பேர். பாய், நான், என்னோடு படித்த பிரபு.

டேட்டா சென்டர்காரர்கள் கரண்டும் இன்டர்நெட்டும் தருவார்கள். பேக்கப் எடுத்து வைப்பது நம் பொறுப்பு. அதனால் தினமும் சர்வரில் இருப்பதை எல்லாம் எங்கள் ஆஃபீஸில் உள்ள ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிக்கொள்ளும்படி பிரபு ஒரு புரோகிராம் எழுதிவைத்திருந்தான். அது தானாக ஓடும். ஏதாவது தப்பு நடந்தால் ஒரு மெயில் வரும். அந்த மெயிலை யார் திறந்து பார்ப்பது என்பதை மட்டும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் பார்ப்பேன் என்று அவன் இருந்தான், அவன் பார்ப்பான் என்று நான் இருந்தேன்.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. பூஜைச் சாமானெல்லாம் பாய்தான் வாங்கி வருவார். பொரியில் பொட்டுக்கடலை குறைந்தால் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடுவார். கீபோர்டு, மவுஸ், ஸ்க்ரூ டிரைவர், பில் புத்தகம் எல்லாவற்றையும் மணையில் அடுக்கினேன். சர்வர்தான் நம் சோறு, அதற்குப் பொட்டு வைக்க முடியவில்லையே என்று பிரபு வருத்தப்பட்டான். உடனே என் புத்தி வேலை செய்தது. சர்வர் அமெரிக்காவில் இருந்தால் என்ன, அதன் நகல் இங்கேதானே இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி மணையில் நடு இடத்தில் வைத்தேன். சந்தனம் தாராளமாக வைத்தேன், குங்குமம் வைத்தேன், மேலே ஒரு துண்டு கதம்பமும் வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. டிஸ்க்கைத் துடைத்து, பழைய இடத்தில் வைத்து, பவர் வயரைச் செருகினேன். நீல விளக்கு எரிந்தது. டேட்டா வயரையும் செருகினேன். செருகியதாக நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்திருந்ததால் வயர் பாதிதான் போயிருக்கிறது. மூன்று வாரம் அந்த நீல விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, எங்களுக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

2. பாய் போனை எடுத்த விதம்

ஐப்பசி அடைமழை பிடித்த நேரம். ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு இருநூறு சைட்டும் ஒன்றாக விழுந்தன.

முதல் போன் பட்டுக்கடைக்காரரிடமிருந்து. அவர் சைட்டை ஆறு மாதமாக அவரே பார்த்ததில்லை. ஆனால் அன்றைக்குப் பார்த்து சிங்கப்பூரில் இருக்கிற மருமகன் திறந்திருக்கிறார், வரவில்லை. டூர் டிராவல்ஸ்காரர் சனிப்பெயர்ச்சி புக்கிங் போய்விடும் என்று அலறினார். அரிசி மில் முதலாளிக்கு மெயிலும் எங்களிடம்தான். துபாய்க்காரனுக்கு அனுப்ப வேண்டிய விலைப் பட்டியல் உள்ளே மாட்டிக்கொண்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டேட்டா சென்டருக்கு எழுதினால், பிரச்சினை எங்கள் கவனத்தில் இருக்கிறது என்று ஒரே வரியைத் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள்.

அன்றைக்குத்தான் பாய் எப்படிப்பட்ட ஆள் என்று பார்த்தேன். வாடிக்கையாளர் பட்டியலை அச்செடுத்து மூன்றாகக் கிழித்தார். ஆளுக்கு ஒரு பங்கு. அவர்கள் கூப்பிடுவதற்கு முன்னால் நாம் கூப்பிட வேண்டும் என்றார். சர்வர் பிராப்ளம் என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட்டு வைக்கக் கூடாது, என்ன நடந்தது, நமக்கு எது தெரியும், எது தெரியாது, மறுபடி எத்தனை மணிக்குக் கூப்பிடுவோம் என்று நான்கும் சொல்ல வேண்டும் என்றார். கெட்ட வார்த்தையில் திட்டியவர்களுக்கும் அவர் அதையே பொறுமையாகச் சொன்னார், சொன்ன மணிக்குத் திரும்பக் கூப்பிட்டார். சாயங்காலத்துக்குள் திட்டியவர்களில் பாதிப் பேர் அவருக்கே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வித்தையை எத்தனை வருடம் முயன்றும் என்னால் அவர் அளவுக்குச் செய்ய முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை உண்மை வந்தது. டேட்டா சென்டரில் யுபிஎஸ் கோளாறு, மின்சாரம் தாறுமாறாகப் பாய்ந்திருக்கிறது. எங்கள் சர்வரில் இருந்த இரண்டு டிஸ்க்கும் கருகிவிட்டன. ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்று இரண்டு வைத்திருந்தோம். இரண்டும் சேர்ந்து போயின. புது டிஸ்க் போட்டுத் தருகிறோம், உங்கள் பேக்கப்பை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

பேக்கப்தான் இருக்கிறதே என்று தெம்பாக உட்கார்ந்தேன். திரையில் டிஸ்க்கே தெரியவில்லை. வயரைத் தொட்டேன், கையோடு வந்தது. முனையில் மஞ்சளாகச் சந்தனம். துடைத்துச் செருகித் திறந்தால், கடைசித் தேதி ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.

பாயிடம் போய்ச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் வயரை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "இந்த மூணு வாரத்துல யாரோட சைட்டுல புதுசா எது வந்துச்சு? அத மொதல்ல எழுதுங்க" என்றார்.

எழுதினோம். நல்லவேளையாக முக்கால்வாசி சைட்களில் வருடக்கணக்காக ஒரு எழுத்தும் மாறியிருக்கவில்லை. மெயில் தொலைந்தவர்களிடம் பாயே பேசிச் சமாளித்தார். பட்டியலில் ஒரே ஒரு பெயருக்கு நேரே மட்டும் என்ன செய்வதென்று எழுத முடியவில்லை. குடவாசல் நடராசன்.

3. குடவாசல் பஸ்ஸில்

நடராசன் சார் சவூதியில் ஏசி மெக்கானிக்காக இருந்து திரும்பியவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் பண்ணையாள்களாக நடவும் அறுப்பும் செய்தவர்கள். அவர் குடவாசலில் ஒரு சின்ன அறையில், வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் எடுத்துக்கொடுக்கிற அலுவலகம் நடத்தினார். வெளிநாடு போக நினைத்த ஏழைப் பெண்கள் ஏஜென்ட் ஏஜென்டாக ஏமாந்துகொண்டிருந்த காலம் அது. இவர் வெப்சைட்டில் விண்ணப்பம் போட வைத்து, பதிவு எண் கொடுத்து, எல்லாம் வெளிப்படையாக நடத்தினார். அந்தச் சனிக்கிழமை திருச்சியில் ஒரு ஹோட்டலில் இன்டர்வியூ. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அவர் பெயர்ப் பட்டியலை அனுப்பியாக வேண்டும். பட்டியலில் இல்லாதவரை உள்ளே விட மாட்டார்கள்.

பாய் போனில் சொல்ல மறுத்துவிட்டார். நேரில்தான் சொல்ல வேண்டும் என்று டவுன் பஸ்ஸில் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். இருபுறமும் வயலில் தண்ணீர் முட்டி நின்றது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அவரிடம் மன்றாடினேன். டேட்டா சென்டரில் கரண்ட் போய் எல்லாம் எரிந்துவிட்டது என்று சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை, சந்தனம் வரைக்கும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை என்றேன்.

"அமெரிக்காக்காரன் டிஸ்க்க எரிச்சான். அது அவன் தப்பு. வயரச் சொருகாம வெச்சது நாமதாம்மா. அத அவன் தலையில எப்படிக் கட்டுறது?" என்றார்.

நடராசன் சாரிடம் பாய் எல்லாவற்றையும் சொன்னார். யார் செருகவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. எங்க ஆஃபீஸ்ல, எங்க ஆஃபீஸ்ல என்றே கடைசிவரை சொன்னார். என் பெயர் அவர் வாயில் வரவே இல்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடராசன் சார் எழுந்து சுவரில் தொங்கிய நாட்காட்டி அருகே போனார். தினமும் சாயங்காலம் சைட்டைத் திறந்து கடைசிப் பதிவு எண்ணை அன்றைய தாளில் குறித்துவைப்பது அவர் வழக்கம். புதன்கிழமை மொத்தமாக பிரின்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைத் தாளில் 251 என்று இருந்தது. எங்கள் டிஸ்க்கில் கடைசி எண் 212.

"முப்பத்தொம்பது பேரு" என்றார். கோபத்தில் அந்தத் தாளை விரலால் தட்டினார். "சைட்டுல நான் என்ன எழுதியிருக்கேன் தெரியுமா பாய்? தேர்வானவங்களுக்கு மட்டும் அழைப்பு வரும்னு எழுதியிருக்கேன். போன் வரலன்னா அந்தப் புள்ளைங்க என்ன நெனைக்கும்? நம்மள எடுக்கலன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுல உக்காந்துரும். எங்கிட்ட வந்து கேக்கக்கூட மாட்டாங்க."

அந்த நிமிஷம்தான் எனக்கு முழுதாக உறைத்தது. நான் தொலைத்தது டேட்டா என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். பெயர் தெரியாத முப்பத்தொன்பது பெண்களுக்கு, உனக்குத் தகுதி இல்லை என்று நான் பதில் அனுப்பியிருக்கிறேன்.

4. ரிஜிஸ்டர் நோட்டுகள்

வழி சொன்னதும் நடராசன் சார்தான். இந்தப் பெண்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஏது, எல்லாரும் பிரவுசிங் சென்டரில்தான் போட்டிருப்பார்கள் என்றார். அப்போது டெல்டாவில் ஊருக்கு நான்கு பிரவுசிங் சென்டர் இருக்கும். வருகிறவர் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் ரிஜிஸ்டரில் எழுதி வாங்குவார்கள். பாதி நேரம் விண்ணப்பத்தையும் சென்டர்காரரே தட்டிக்கொடுப்பார்.

புதன், வியாழன் இரண்டு நாளும் நாங்கள் நான்கு பேரும் போனும் பஸ்ஸுமாக அலைந்தோம். குடவாசல், நன்னிலம், வலங்கைமான், மன்னார்குடி, முத்துப்பேட்டை. மழையில் நனைந்த சேலையோடு ஒவ்வொரு சென்டரிலும் ஏறி இறங்கினேன். அந்தக் கடைக்காரர்களை நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஒருவர்கூட எனக்கென்ன என்று சொல்லவில்லை. மன்னார்குடியில் ஒருவர் மூன்று வார ரிஜிஸ்டரையும் விரித்துப் போட்டு, ஃபோட்டோ ஸ்கேன் செய்தவர்களை எல்லாம் ஞாபகத்திலிருந்து டிக் அடித்துக் கொடுத்தார். நன்னிலத்தில் சென்டர் நடத்திய ஒரு பெண், வந்த ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் இன்னொரு ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வைத்திருந்தார். தொலைத்துவிட்டுத் திரும்பி வந்து கேட்பார்கள் என்று வைத்தாராம். அவர் ஃபைலிலிருந்து மட்டும் ஏழு பேர் கிடைத்தார்கள். ஹோஸ்டிங் கம்பெனி என்று போர்டு மாட்டிய எங்களைவிட அந்த அம்மாவுக்குப் பேக்கப் என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்திருந்தது.

வியாழன் மாலைக்குள் முப்பத்தெட்டு பேர் கிடைத்துவிட்டார்கள். முப்பத்தொன்பதாவது ஆள் எந்த நோட்டிலும் இல்லை.

பிரபு சொன்னான், முப்பத்தெட்டு கிடைத்ததே பெரிய விஷயம் என்று. நானும் அதைத்தான் நினைத்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பாய் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். "குடவாசல் நடராசன் அவர்களின் வெப்சைட்டில் ஆயுத பூஜைக்குப் பிறகு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பித்தவர் கவனத்துக்கு. உங்கள் விண்ணப்பம் எங்கள் கவனக்குறைவால் அழிந்துவிட்டது. உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. உங்களை யாரும் நிராகரிக்கவில்லை. வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் எங்களைக் கூப்பிடவும்." கீழே கம்பெனி பெயரும் போன் நம்பரும்.

கவனக்குறைவு என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிடலாம், ஊர் முழுக்க ஒட்டினால் இருக்கிற வாடிக்கையாளரும் ஓடிவிடுவார்கள் என்றேன். ஓடுபவர்கள் ஓடட்டும், அந்த வார்த்தை இல்லாவிட்டால் இதை யாரும் நம்ப மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு ஜெராக்ஸ் கடைக்கு இறங்கிப் போனார். அந்த நோட்டீஸ் பஸ் ஸ்டாண்டிலும் மருந்துக் கடைகளிலும் நர்சிங் ஸ்கூல் வாசலிலும் ஏறியது. நடராசன் சாருக்குத் தெரிந்த மினி பஸ் கண்டக்டர்கள் கோடியக்கரை வரைக்கும் கொண்டுபோய் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டினார்கள்.

5. எமர்ஜென்சி ட்ரே

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு பெண் மாடி ஏறி வந்தார். இருபத்துநான்கு வயது இருக்கும். கையில் குடை, தோளில் ரெக்சின் பை. எங்கள் போன் காலையிலிருந்து எங்கேஜ்டாகவே இருந்ததால் மூன்று பஸ் மாறி நேரிலேயே வந்துவிட்டாராம். பெயர் கலையரசி. கோடியக்கரைப் பக்கம் ஊர், அப்பா உப்பளத்தில் வேலை. வேதாரண்யத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். அங்கே டாக்டரின் கம்ப்யூட்டரில் சாப்பாட்டு நேரத்தில் விண்ணப்பம் போட்டிருக்கிறார். அதனால்தான் எந்த ரிஜிஸ்டரிலும் அவர் இல்லை. பதிவு எண் கேட்டேன். 247 என்று எழுதிவைத்த சீட்டைக் காட்டினார்.

உட்காரச் சொல்லி, புது டிஸ்க்கில் மறுபடி ஏற்றியிருந்த சைட்டில் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தேன். அவர் உட்காரவில்லை.

"நெசமாவே தொலஞ்சுதான் போச்சுங்களா?" என்று கேட்டார். "இதுக்கு முன்னாடி நாலு எடத்துல போட்டேன். ஒரு எடத்துலேர்ந்தும் பதில் இல்ல. ஊரு பேரையும் அப்பா தொழிலையும் பாத்து ஒதுக்கிப் போட்டுருவாங்கன்னு எங்கம்மா சொல்லும். இதையும் அப்படித்தான் நெனச்சு விட்டிருப்பேன். பஸ்ஸுல இதப் படிச்சதும் நம்பவே முடியல. தப்பு எங்களுதுன்னு யாருங்க எழுதுவாங்க?"

பாய் உள்ளறையில் போனில் இருந்தார். நான் நினைத்திருந்தால் கம்பெனி தவறு என்று சொல்லி முடித்திருக்கலாம். அந்தப் பெண் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது முடியவில்லை. டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தேன். மூலையில் குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. பூஜையில் வைத்தது, வயரைச் சரியாகச் செருகாமல் விட்டது எல்லாம் நான்தான் என்று சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

கலையரசி டிஸ்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"எங்க ஆஸ்பத்திரியிலயும் ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் எடுத்து சாமி முன்னாடி வெப்போங்க. அவசர மருந்து இருக்குற எமர்ஜென்சி ட்ரேவ மட்டும் எடுக்க மாட்டோம். அது இருக்குற எடத்துலயே போயி பொட்டு வெச்சுட்டு வந்துருவோம்."

மூன்று வருடம் கம்ப்யூட்டர் படித்த எனக்குத் தெரியாதது அது. விண்ணப்பத்தைத் தட்டி முடித்தேன். நான்கு மணிக்கு நடராசன் சாருக்கு போன் போட்டுப் பாய் சொன்னார், பட்டியல் முழுசாகிவிட்டது என்று. சைட்டை வேறு எங்கேயும் மாற்றப் போவதில்லை என்று மட்டும் அவர் சொன்னாராம்.

முப்பத்தொன்பது பேரும் திருச்சிக்குப் போனார்கள். அதில் பதினோரு பேரை எடுத்தார்கள். கலையரசியை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் அவரே போன் செய்து சொன்னார். ஒரு வருட அனுபவம் குறைகிறதாம், முடித்துவிட்டு வரச் சொன்னார்களாம். எனக்கு மனசு விட்டுப்போனது. இத்தனை அலைச்சலும் வீணாகிவிட்டதே என்று ஏதோ சொன்னேன்.

"நீங்க ஏங்க வருத்தப்படறீங்க?" என்றார். "இல்லன்னு மூஞ்சிக்கு நேரா, காரணத்தோட சொன்னாங்க. இத்தன வருஷத்துல எனக்கு வந்த மொத பதிலு இதுதாங்க."

இன்றைக்கு என் கீழே பதினாறு பேர் வேலை பார்க்கிறார்கள். டிஸ்க், ரெய்டு, ரெப்ளிகேஷன் என்று நகல் வைக்கிற வித்தையெல்லாம் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பேக்கப் மெயிலைத் தினமும் ஒருவர் படித்துக் கையெழுத்துப் போடுகிறார். அதெல்லாம் கற்றுக்கொடுக்க முடிகிற விஷயம். நான் அவர்களிடம் வலியுறுத்துவது ஒன்றைத்தான். சைட் விழுந்தால் சர்வரை எழுப்ப ஒருவர் உட்காரும்போதே இன்னொருவர் போனை எடுக்க வேண்டும், தவறு நம்முடையது என்றால் அந்த வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். பதில் வராத திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர், மெஷின் நின்றுவிட்டது என்று நினைப்பதில்லை. தன்னைத்தான் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்.